டெஸ்க்கில் பேசும் பாஷை: புதிதாகச் சேர்ந்தவர் எதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்?

புதுசப்

வணக்கம். ஒரு நாளிதழின் மாவட்டப் பதிப்பில் பயிற்சி உதவி ஆசிரியராகச் சேர்ந்திருக்கிறேன். இதழியல் படித்தவள்தான். முக்கியமானதை முதலில் சொல்லும் தலைகீழ்ப் பிரமிடு, யார்-என்ன-எங்கே-எப்போது-ஏன்-எப்படி எல்லாம் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியாயிற்று. ஆனால் செய்தியைத் திருத்திப் பக்கம் தயாரிக்கும் டெஸ்க்கில் உட்கார்ந்தால் காதில் விழுவது வேறு. "அந்த மறியலை சிங்கிளா அடி", "ஆங்கருக்கு ஐட்டம் இல்லை", "டாக்குல போனது போகட்டும், சிட்டிக்கு இன்ட்ரோவை மாத்து", "மூணாம் பக்கம் பிளேட் போயாச்சு, இனி கை வைக்காதே". தலையாட்டிவிட்டுப் பக்கத்து சீட்டில் கேட்டுக்கொள்கிறேன். அவரும் பாதி நேரம் போனில் இருக்கிறார்.

அகராதி மாதிரிப் பட்டியல் வேண்டாம். எது புரியாவிட்டால் வேலை கெடுமோ, அதை மட்டும் சொல்லுங்கள்.

நைட்ஷிப்ட்

முதலில் லீடு. கல்லூரியில் லீடு என்றால் செய்தியின் முதல் பத்தி. அமெரிக்கப் பாடப்புத்தகத்திலிருந்து வந்த வழக்கம் அது. நம் டெஸ்க்கில் முதல் பத்திக்குப் பெயர் இன்ட்ரோ. லீடு என்றால் அந்தப் பக்கத்தின் தலையாய செய்தி, மேலே பெரிய தலைப்போடு உட்காருவது. "லீடை மாத்து" என்று சீஃப் சப் (தலைமை உதவி ஆசிரியர்) சொன்னதும் நீங்கள் முதல் பத்தியைத் திருத்திக்கொண்டிருந்தால், அங்கே பக்க வடிவமைப்பாளர் வெறும் கட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

சிங்கிள் என்றால் பக்கத்தில் மேலிருந்து கீழாக ஓடும் பத்தி வரிசைகளில் ஒன்றின் அகலத்தில் மட்டும் போகும் சின்னச் செய்தி. ஆங்கர், பக்கத்தின் அடியில் அகலமாகப் போகும் சுவாரசியமான செய்தி. அன்றைக்கே போட வேண்டும் என்ற அவசரம் இல்லாதது. அதனால்தான் சாயங்காலம் ஆனால் எல்லாரும் ஆங்கருக்கு அலைவார்கள். இவையெல்லாம் இடத்தைப் பற்றிய பேச்சு. ஒரு வாரத்தில் பிடிபட்டுவிடும்.

நேரத்தைப் பற்றிய பேச்சுதான் கஷ்டம். டாக் எடிஷன் என்பது தபால் காலத்துப் பெயர். ரயிலிலும் பஸ்ஸிலும் தொலைதூரம் போக வேண்டிய பிரதிகள் முதலில் அச்சாகும். கடைசியாக ஓடுவது சிட்டி. ஒரே தேதி போட்ட ஒரே பேப்பரை வெளியூரில் ஒருவரும் நகரத்தில் ஒருவரும் வாங்கினால், முதல் பக்கமே வேறாக இருக்கலாம்.

மூன்று முதலமைச்சர்களின் மறைவை எடுத்துக்கொள்ளுங்கள். மூவருமே தமிழ்நாட்டின் மிகப் பெரிய செய்தி. கருணாநிதி 2018 ஆகஸ்ட் 7 அன்று மாலை 6.10-க்கு மறைந்தார். காலைப் பத்திரிகைகளுக்கு முழு இரவும் கையில் இருந்தது. எம்.ஜி.ஆர். 1987 டிசம்பர் 24 அதிகாலையில். பெரும்பாலான பிரதிகள் வண்டி ஏறியிருக்கும் நேரம். சிறப்புப் பதிப்பும் மாலைப் பத்திரிகையும்தான் கதி. ஜெயலலிதா 2016 டிசம்பர் 5 இரவு 11.30. அறிவிப்பு வந்தபோது நள்ளிரவு தாண்டிவிட்டது. வெளியூர்ப் பதிப்புகளை முடித்து அனுப்பும் நேரம் வழக்கமாக அதற்கு முன்னாலேயே வந்துவிடும்.

அந்த இரவில் இன்னொன்றும் உண்டு. அன்று மாலையே சில தொலைக்காட்சிகள் இறந்துவிட்டார் என்று போட்டுவிட்டன. கட்சித் தலைமை அலுவலகத்தில் கொடி அரைக்கம்பத்துக்கு இறங்கி, மருத்துவமனை மறுத்ததும் திரும்ப மேலே ஏறியது. டெஸ்க்கில் "ஹோல்டு" என்று ஒருவர் கத்தினால் என்ன பொருள் என்று கேட்டால் இந்த நாளைத்தான் சொல்வேன். பக்கம் தயார், தலைப்பு தயார், படம் தயார், ஆனால் விடாதே.

அப்புறம் பிளேட். பக்கம் அலுமினியத் தகடாகி இயந்திரத்தில் ஏறிவிட்டால், ஒரு எழுத்தை மாற்றவும் புதுத் தகடு அடிக்க வேண்டும், ஓடும் மெஷினை நிறுத்த வேண்டும். ஆகவே "பிளேட் போயாச்சு" என்றால் வாக்குவாதம் முடிந்தது.

பாரம்

நைட்ஷிப்ட் தம்பி அலுமினியத்திலிருந்து ஆரம்பித்துவிட்டார். அதற்கு முன்னால் ஈயம் இருந்ததம்மா. நான் அச்சுக்கூடத்து ஆள். ஈய எழுத்து ஒவ்வொன்றாகக் கேஸ் என்ற அறைப்பெட்டியிலிருந்து பொறுக்கி, ஸ்டிக் என்ற கைச்சட்டத்தில் அடுக்கி, கேலி என்ற தட்டில் இறக்கி, புரூஃப் எடுத்து, பிழை திருத்தி, பக்கமாகச் சேர்த்து, இரும்புச் சட்டத்துக்குள் முடுக்கினால் அதுதான் பாரம். தூக்கினால் இரண்டு ஆள் வேண்டும்.

நீங்கள் பரீட்சையில் எழுதின தலைகீழ்ப் பிரமிடுக்கு எங்கள் பக்கத்து நியாயம் ஒன்று உண்டு. கடைசி நேரத்தில் செய்தி நீண்டுவிட்டது, பாரத்தில் அடங்கவில்லை என்றால் படித்துப் பார்த்து எங்கே வெட்டலாம் என்று யோசிக்க நேரம் கிடையாது. அடியிலிருந்து இரண்டு மூன்று வரியை அப்படியே எடுத்துவிடுவோம். முக்கியமானதை நிருபர் கடைசியில் வைத்திருந்தால் அது ஈயத்தோடு போய்விடும். ஆசிரியர் குழு எவ்வளவு சொல்லியும் கேட்காத நிருபர்கள், எங்கள் கையில் நாலு தடவை மாட்டியதும் ஒழுங்காக எழுதத் தொடங்கினார்கள்.

தமிழ் எழுத்துகளுக்குக் கேஸில் எத்தனை அறை தெரியுமா? 1978-இல் அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்து ணை, லை, னை, றா எல்லாம் இப்போதைய வடிவத்துக்கு வந்தபோது, புலவர்கள் சண்டை போட்டார்கள். எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டருக்குச் சில அறை மிச்சமாயிற்று. சரி, விஷயத்தை விட்டு விலகுகிறேன்.

கோர்ட்பீட்

இடம், நேரம் இரண்டும் தவறினால் சீஃப் சப் திட்டுவார், அவ்வளவுதான். நான் சொல்லப்போகும் சொற்கள் தவறினால் நோட்டீஸ் வரும்.

"கூறப்படுகிறது." இதைச் சேர்த்துவிட்டால் எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்று டெஸ்க்கில் பாதிப் பேர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. ஒருவர் சொன்ன அவதூறைத் திரும்ப அச்சிட்டாலும் அவதூறுதான். யார் கூறினார் என்று சொல்லாத கூறப்படுகிறது, சட்டத்தின் முன் ஒரு பாதுகாப்பும் தராது. முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 499, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 356. குற்றவியல் அவதூறுச் சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2016-இல் சொல்லிவிட்டது.

அதே பிரிவில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது: நீதிமன்ற நடவடிக்கையை உள்ளபடி எழுதுவது அவதூறாகாது. கோர்ட் செய்தியில் "குற்றப்பத்திரிகையில் கூறப்பட்டுள்ளது", "அரசுத் தரப்பு வக்கீல் வாதிட்டார்" என்று வரிக்கு வரி ஆள் காட்டுவது இதனால்தான். படிக்க அலுப்பாக இருக்கும். டெஸ்க்கில் மொழியை அழகாக்குகிறேன் என்று அந்த வாலை வெட்டிவிடாதீர்கள்.

கைதானவர் குற்றவாளி இல்லை. தீர்ப்பு வரும்வரை குற்றம் சாட்டப்பட்டவர். போலீஸ் காவலும் நீதிமன்றக் காவலும் ஒன்றல்ல. முதலாவதில் போலீஸார் கையில் வைத்து விசாரிக்கிறார்கள், இரண்டாவதில் சிறை. இரண்டையும் கலந்து "காவலில் எடுத்தனர்" என்று தலைப்புப் போட்ட பக்கங்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவர் பெயர் கூடவே கூடாது. சன்ஹிதா 72, குழந்தை என்றால் போக்சோ சட்டம் 23. பெயரை மட்டும் எடுத்துவிட்டு, தெரு, பள்ளி, அப்பாவின் தொழில், "மூத்த மகள்" என்று போட்டால் ஊரில் எல்லாருக்கும் தெரிந்துவிடும். அடையாளம் என்று சட்டம் சொல்வதில் அவையும் அடக்கம்.

வாசகி

நான் பத்திரிகைக்காரி இல்லை. தினமும் இரண்டு பேப்பர் வாங்கிப் படிப்பவள். உங்கள் டெஸ்க் பாஷை உள்ளே என்னவாகவும் இருக்கட்டும். வெளியே எங்களுக்கு வரும் பாஷையைப் பற்றியும் யாராவது பேசலாமே? திருடன் எப்போதும் "மர்ம நபர்". போலீஸ் எப்போதும் "வலைவீசித் தேடி" வருகிறது. வெட்டு எப்போதும் "சரமாரி". எந்த ஊரில் எது நடந்தாலும் கடைசியில் "அப்பகுதியில் பரபரப்பு நிலவியது". ஒரு நாளாவது பரபரப்பு நிலவாமல் ஏதாவது நடக்காதா?

இன்னொன்று. "இரு தரப்பினரிடையே மோதல்." எந்த இரு தரப்பு? வீடு எரிந்தது யாருடையது, எரித்தது யார் என்று செய்தி முழுக்கப் படித்தாலும் தெரியாது. ஊர் பெயரை வைத்து நாங்களே ஊகித்துக்கொள்கிறோம்.

நைட்ஷிப்ட்

பரபரப்பு விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போகிறேன். அது நிருபர் செய்தியை முடிக்கத் தெரியாதபோது போடும் முற்றுப்புள்ளி. இரு தரப்பினர் அப்படி இல்லை. சாதிப் பெயரைப் போட்டால் பக்கத்து ஊரிலும் பற்றிக்கொள்ளும் என்ற பயத்தில் வந்த வழக்கம். பல இடங்களில் அது நியாயமான பயம்.

வாசகி

கலவரம் நடக்கும் இரவுக்கு அது நியாயம், சரி. ஆறு மாதம் கழித்து விசாரணைக் கமிஷன் அறிக்கை பற்றி எழுதும்போதும் "குறிப்பிட்ட சமூகத்தினர்" என்றே போட்டால்? தலித் குடியிருப்பு தாக்கப்பட்டது என்பதும், இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டார்கள் என்பதும் ஒன்றா? அடித்தவரையும் அடிபட்டவரையும் ஒரே சொல்லுக்குள் போட்டு மூடுகிறீர்கள்.

கோர்ட்பீட்

வாசகி சொல்வதில் சட்டமும் அவர் பக்கம்தான். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவாகியிருந்தால், அந்தச் சட்டத்தின் பெயரைச் செய்தியில் போட ஒரு தடையும் இல்லை. அதைப் போட்டாலே யார் பாதிக்கப்பட்டவர் என்பது சாதிப் பெயர் சொல்லாமலே தெளிவாகிவிடும். முதல் தகவல் அறிக்கையில் என்ன பிரிவு என்று நிருபர் கேட்பதே இல்லை.

தாலுகா_நிருபர்

கேட்பதில்லை என்று சுலபமாகச் சொல்கிறீர்கள் சார். ஸ்டேஷனில் நாங்கள் போய் நின்றால் ரைட்டர் (ஸ்டேஷன் எழுத்தர்) வாயால் சொல்வதுதான் செய்தி. அதிகம் கேட்டால் அடுத்த செய்தி எங்களுக்கு வராது, எதிர்ப் பத்திரிகைக்குப் போகும். மறுநாள் டெஸ்க்கிலிருந்து போன்: "மிஸ்ஸிங், ஏன்?" தங்கச்சி, மிஸ்ஸிங் என்றால் ஆள் காணாமல் போவது இல்லை. மற்ற பேப்பரில் வந்து நம் பேப்பரில் வராத செய்தி. தாலுகாவில் இருப்பவனுக்கு அகராதியிலேயே கெட்ட வார்த்தை அதுதான்.

எங்களை ஏரியா நிருபர் என்பார்கள், ஸ்ட்ரிங்கர் என்பார்கள், பகுதிநேரச் செய்தியாளர் என்பார்கள். பெயர் எதுவானாலும் மாதச் சம்பளம் கிடையாது. லைனேஜ். எத்தனை வரி அச்சில் வந்ததோ அத்தனை வரிக்குக் காசு. படத்துக்குத் தனி. நான் வேலை பார்த்த ஒரு பத்திரிகையில் லைனேஜைவிட விளம்பரக் கமிஷன்தான் அதிகம் வந்தது. தீபாவளி வந்தால் யாரைப் பற்றி எழுத வேண்டுமோ அவரிடமே போய் வாழ்த்து விளம்பரம் கேட்டு நிற்க வேண்டும். பத்திரிகை ஊழியர்களுக்கான மஜிதியா ஊதியக் குழு பரிந்துரையை அரசு 2011-இல் அறிவித்தது, உச்ச நீதிமன்றம் 2014-இல் செல்லும் என்றது. ஊழியர்களே அல்லாத எங்கள் ஊர்ப்பக்கம் அது எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அதனால்தான் கவர். பிரஸ் மீட் முடிந்ததும் பிரஸ் நோட்டோடு சேர்ந்து வரும் உறை. வாங்குபவனை நியாயப்படுத்தவில்லை. ஆனால் "கவரேஜுக்குப் போறியா, கவருக்குப் போறியா" என்று டெஸ்க்கில் இருந்துகொண்டு கிண்டல் அடிப்பவர்கள், தேர்தல் நேரத்தில் மேலிடமே வேட்பாளரோடு பேசி முடிக்கும் பேக்கேஜ் பற்றி வாய் திறப்பதில்லை. உறை வாங்கினால் லஞ்சம், மொத்தமாக வாங்கினால் மார்க்கெட்டிங்.

கோர்ட்பீட்

பேக்கேஜ் என்று நீங்கள் சொல்வதற்கு தேர்தல் ஆணையம் வைத்த பெயர் பணம் பெற்று வெளியிடும் செய்தி. இதற்காக முதன்முதலில் பதவி போனது உத்தரப் பிரதேச எம்.எல்.ஏ. உம்லேஷ் யாதவுக்கு, 2011 அக்டோபரில். செய்தி வடிவில் வந்த விளம்பரத்தின் செலவைக் கணக்கில் காட்டவில்லை என்பது காரணம். கவனியுங்கள், தண்டனை வேட்பாளருக்கு. காசு வாங்கிய பத்திரிகைகளைத் தேர்தல் சட்டம் தொட முடியாது.

கடல்கடந்தவன்

இங்கே ஒரு சின்னக் குழப்பத்தைச் சேர்த்துவிட்டுப் போகிறேன். இந்தியாவில் மாஸ்ட்ஹெட் என்றால் முதல் பக்கத்தின் உச்சியில் இருக்கும் பத்திரிகைப் பெயர். அமெரிக்காவில் மாஸ்ட்ஹெட் என்றால் உள்ளே ஆசிரியர், நிர்வாகிகள் பெயர்கள் அச்சிட்ட கட்டம்; உச்சியில் இருக்கும் பெயருக்கு அங்கே நேம்பிளேட். பெயரின் இரு பக்கமும் வரும் குட்டி விளம்பரங்களுக்கு மட்டும் இரண்டு ஊரிலும் காதுதான் பெயர். முதல் பக்கத்தையே போர்த்தி வரும் ஜாக்கெட் விளம்பரத்தைப் பார்த்து, அந்தக் காலம் போல வருமா என்று பெரியவர்கள் சலித்துக்கொள்வார்கள். அந்தக் காலத்தில், அதாவது 1958 வரை, ஹிண்டுவின் முதல் பக்கம் முழுக்க விளம்பரம்தான்.

பாரம்

பெயர்க் கட்டம் என்றதும் நினைவு வந்தது. கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். யார் அச்சிட்டது, யார் வெளியிட்டது, எந்த முகவரியில், ஆசிரியர் யார். பல பேப்பரில் ஆசிரியர் பெயர் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டு, சட்டப்படி செய்தித் தேர்வுக்குப் பொறுப்பானவர் என்று இருக்கும். இம்பிரின்ட் லைன். அதைப் போடச் சொன்னது வெள்ளைக்காரன் 1867-இல் கொண்டுவந்த சட்டம். 2023-இல் புதுச் சட்டம் வந்து, அடுத்த ஆண்டு நடைமுறைக்கும் வந்தது. எந்தப் பக்கத்தை வேண்டுமானாலும் வெட்டு, அந்த வரியை வெட்டினால் வேலை போகும் என்று என் போர்மேன் சொல்வார். கோர்ட்டில் யார் வந்து நிற்க வேண்டும் என்பதைச் சொல்வது அது.

புதுசப்

எல்லாருக்கும் நன்றி. நேற்று எனக்கு வந்த ஒரு இன்ட்ரோவை ஊர் பெயர் மாற்றிப் போடுகிறேன். நிருபர் அனுப்பியது அப்படியே:

"புதூர் ஊராட்சிக்கு உட்பட்ட மேலத்தெரு பகுதியில் கடந்த சில நாட்களாக குடிநீர் சரிவர வழங்கப்படாததைக் கண்டித்து அப்பகுதி பொதுமக்கள் மற்றும் பெண்கள் காலிக் குடங்களுடன் திடீர் சாலை மறியலில் ஈடுபட்டதால் அப்பகுதியில் போக்குவரத்து பாதிக்கப்பட்டு பரபரப்பு நிலவியது."

சிங்கிளாக அடிக்கச் சொன்னார்கள். எங்கே கை வைப்பது?

நைட்ஷிப்ட்

முதலில் இரண்டு "அப்பகுதி", ஒரு "பகுதி", "பரபரப்பு", "திடீர்" எல்லாம் போகட்டும். அறிவித்துவிட்டு யார் மறியல் செய்கிறார்கள்? "பொதுமக்கள் மற்றும் பெண்கள்" என்றால் பெண்கள் பொதுமக்கள் இல்லையா? போக்குவரத்துப் பாதிப்பு அடுத்த பத்திக்கு. மிச்சம்:

"குடிநீர் கேட்டு, புதூர் மேலத்தெருப் பெண்கள் நேற்று காலிக் குடங்களுடன் சாலை மறியல் செய்தனர்."

"நேற்று" காலைப் பேப்பருக்கு. இதே செய்தி இணையதளத்துக்குப் போனால் அந்தச் சொல்லை எடுத்துத் தேதி போடுங்கள். நேற்று அடித்ததை இன்று படிக்கும் கணக்கு அங்கே செல்லாது.

பாரம்

நன்றாக இருக்கிறது. நம் பாஷையில் வினை கடைசியில் வருகிறதல்லவா, முதல் வாக்கியத்தில் கண்டித்து, ஈடுபட்டதால், பாதிக்கப்பட்டு என்று அடுக்கிக்கொண்டே போனால் என்னதான் நடந்தது என்று தெரிய வாசகர் கடைசி வரி வரைக்கும் மூச்சைப் பிடிக்க வேண்டும். ஆதித்தனார் 1942-இல் மதுரையில் தந்தியை ஆரம்பித்தபோது, எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கும் புரிய வேண்டும் என்பதுதான் கணக்கு. டீக்கடையில் ஒருவர் உரக்கப் படிக்க நாலு பேர் கேட்பார்கள். உரக்கப் படித்துப் பாருங்கள் மகளே, எங்கே மூச்சு முட்டுகிறதோ அங்கே முற்றுப்புள்ளி.

ஆனால் ஒன்று. என்னைக் கேட்டால் "காலிக் குடங்களுடன்" என்று தொடங்குவேன். கண்ணில் படுவது குடம்.

நைட்ஷிப்ட்

குடம் படத்திலேயே இருக்கும் ஐயா. இன்ட்ரோவில் எதற்காக என்பது முதலில் வரட்டும்.

தாலுகா_நிருபர்

ரசித்துப் படித்துக்கொண்டே வந்தேன். ஒரு சந்தேகம். நிருபர் அனுப்பியது அச்சில் ஏறத்தாழ பத்து வரி. நீங்கள் அழகாக்கி முடித்தபோது மூன்று நாலு வரி. மீதி வரிக்கு அவருக்கு யார் காசு தருவது? "பொதுமக்கள் மற்றும் பெண்கள்" என்று ஏன் எழுதுகிறோம் என்று நினைக்கிறீர்கள்? "பகுதி" என்று ஏன் மூன்று தடவை? வரிக்குக் காசு என்று வைத்துவிட்டு, சுருக்கமாக எழுதத் தெரியவில்லை என்று டெஸ்க்கில் சிரிப்பது நல்ல வேடிக்கை.

வாசகி

அப்படியானால் இத்தனை வருடமாக நிலவிய பரபரப்பெல்லாம் லைனேஜா!

நைட்ஷிப்ட்

தாலுகா அண்ணே சொல்வதை மறுக்க என்னிடம் பதில் இல்லை. ஆனால் அந்த வரிகளை வேறு விதமாக நிரப்பலாம். புதுசப், நிருபருக்கு போன் போடுங்கள். "சில நாட்கள்" என்றால் எத்தனை நாள்? மோட்டார் பழுதா, மின்கட்டணம் பாக்கியா, குழாய் உடைந்ததா? எத்தனை வீடு? அதுவரை தண்ணீர் எங்கே பிடித்தார்கள், குடம் என்ன விலை? அதிகாரி வந்து என்ன சொல்லி மறியலைக் கைவிட வைத்தார்? இதற்கெல்லாம் பதில் வந்தால் சிங்கிள் டபுள் ஆகும், அவருக்கும் வரி குறையாது.

தாலுகா_நிருபர்

போன் போட்டால் சொல்வார். பெரும்பாலும் கேட்பதே இல்லை, அதுதான் விஷயம். நான் அனுப்பிய செய்திக்கு விளக்கம் கேட்டு டெஸ்க்கிலிருந்து போன் வந்ததாக நினைவே இல்லை. மிஸ்ஸிங்குக்கு மட்டும் வரும்.

புதுசப்

போன் போட்டேன். உண்மையான ஊரில் மோட்டார் எரிந்து பன்னிரண்டு நாளாம். பழுது பார்க்க எடுத்துப் போனவர்கள் திரும்பவில்லையாம். படமும் அனுப்பினார். ஒன்றியப் பொறியாளருக்கு நானே அழைத்தேன், எடுக்கவில்லை. அதிகாரி தரப்பு இல்லாமல் மோட்டார் விஷயத்தைப் போடலாமா? ஒன்பதரைக்குப் பக்கம் முடிக்க வேண்டும்.

கோர்ட்பீட்

போடலாம். "மோட்டார் பழுதாகிப் பன்னிரண்டு நாளாகிறது என்று பெண்கள் கூறினர்" என்று ஆள் காட்டிப் போடுங்கள். "கூறப்படுகிறது" வேண்டாம். கீழே "கருத்து அறிய ஒன்றியப் பொறியாளரைத் தொடர்புகொண்டபோது அவர் அழைப்பை ஏற்கவில்லை" என்று ஒரு வரி. எந்த எண்ணுக்கு எத்தனை மணிக்கு அழைத்தீர்கள் என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குறுஞ்செய்தியும் அனுப்பிவிடுங்கள், அது பதிவாக இருக்கும். ஒன்பதே காலுக்கு இன்னொரு தடவை அழையுங்கள்.